சைக்கிளுக்குப் பெல்லும் வேண்டும், அதற்கு முன்னால் கண்ணாடி வேண்டும்

அடையாற்றிலிருந்து கிண்டி தொழிற்பேட்டைக்குச் சைக்கிளில் வேலைக்குப் போகிறேன். இதுவரை சைக்கிளுக்கு வாங்கிப் போட்டவற்றில் எனக்கு அதிகம் பயன்பட்டது, ஹேண்டில்பார் முனையில் சொருகும் சின்ன வட்டக் கண்ணாடி. விலை 350 ரூபாய். பெல், பேட்டரி ஹார்ன், இண்டிகேட்டர் வைத்த பின்விளக்கு ஆகியவற்றையும் பொருத்தி ஓட்டிப் பார்த்திருக்கிறேன். எது யாருக்குக் கேட்கிறது, எது யார் கண்ணில் படுகிறது என்பதை வைத்து இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

முதலில் சாலையைச் சொல்லிவிடுகிறேன். சர்தார் படேல் சாலையில் மத்திய கைலாஷ் பக்கம் ராஜீவ் காந்தி சாலையின் நெரிசலும் வந்து சேர்ந்துகொள்ளும். அங்கிருந்து ஐஐடி வாசல், அண்ணா பல்கலைக்கழகம், சிறுவர் பூங்கா என்று கிண்டி வரை வழியெல்லாம் பஸ் நிறுத்தங்கள். சைக்கிள்காரர் இடது ஓரமாகவே போய்விட வேண்டியதுதானே என்று சொல்வார்கள். அந்த ஓரத்தில்தான் பஸ் நிற்கும், ஆட்டோ ஆள் ஏற்றும், யாராவது காரை நிறுத்திவிட்டு ஜூஸ் குடிக்கப் போயிருப்பார்கள். ஒவ்வொன்றையும் தாண்ட வலது பக்கம் விலகித்தான் ஆக வேண்டும். ஆபத்தெல்லாம் அந்த விலகலில் இருக்கிறது. நான் விலகப் போகிறேன் என்பது பின்னால் வருபவருக்குத் தெரிய வேண்டும். அவருக்குத் தெரிந்துவிட்டதா என்பது எனக்கும் தெரிய வேண்டும். பெல்லோ ஹார்னோ இந்த இரண்டாவது காரியத்தைச் செய்யாது.

இருந்தாலும் பெல்லை நான் மட்டமாகச் சொல்ல மாட்டேன். கட்டைவிரலால் தள்ளினால் உள்ளே பல்சக்கரம் சுற்றி ட்ரிங் ட்ரிங் என்று அடிக்கிற பழைய மாடல்தான் என்னிடம் இருக்கிறது. ரத்தன் பஜார் சைக்கிள் கடை ஒன்றில் வாங்கியது. நடந்து போகிறவர்களுக்கு அதைவிட நல்ல சத்தம் கிடையாது. காலையில் தெருவை அடைத்துக்கொண்டு பேசியபடி நடக்கிற நாலு பேரும், கொஞ்சம் தள்ளி இருந்து ஒரு தடவை அடித்தாலே திரும்பிப் பார்க்காமல் ஓரமாக ஒதுங்குவார்கள். அந்தச் சத்தத்துக்குப் பின்னால் சைக்கிள்தான் வருகிறது என்று நம் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். பக்கத்தில் போய் அடித்தால் மட்டும் பதறுவார்கள், அதனால் தூரத்திலேயே அடித்துவிடுவது நல்லது.

ஹெல்மெட் போட்ட பைக்காரருக்கும், கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி போட்டிருக்கும் கார்க்காரருக்கும் இது எட்டாது. பெல்லின் சத்தம் கீச்சென்ற உயர் சுருதி. கார்க் கண்ணாடி தடுப்பதும் பெரும்பாலும் அந்த மாதிரிச் சத்தத்தைத்தான். மழையில் பெல் நனைந்தால் மூடியில் நிற்கிற தண்ணீர் அதிர்வை அமுக்கிவிடும், ஒலி மங்கிப் போகும். கடல் காற்றுக்கு இரும்பு மூடி சீக்கிரம் துருப்பிடிக்கிறது. பித்தளை மூடி கிடைத்தால் கூடுதல் காசு கொடுத்தாவது வாங்குங்கள். உள்ளே அவ்வப்போது ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும்.

பேட்டரி ஹார்ன் எனக்குப் பிடிக்கவில்லை. பெட்டியில் 120 டெசிபல் என்று அச்சடித்திருக்கிறார்கள், சத்தமும் பெரிதாகவே வருகிறது. ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்பவர் பைக் வருகிறது என்று நினைத்துக்கொண்டு பைக்கைத் தேடுகிறார். சைக்கிள் அவர் கண்ணில் படுவதில்லை. தெருவில் நடக்கிற வயதானவர்களுக்கு அது வெறும் அதிர்ச்சி. ஏற்கெனவே ஹார்ன் சத்தத்தில் மூழ்கியிருக்கும் ஊருக்கு நாமும் ஒன்றைச் சேர்க்க வேண்டாம்.

இண்டிகேட்டர் வைத்த பின்விளக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இடது அம்புக்கும் வலது அம்புக்கும் நடுவே நாலு விரல் இடைவெளிகூட இல்லை. கொஞ்ச தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ மினுக்குகிறது என்று மட்டும் தெரியும், எந்தப் பக்கம் என்று தெரியாது. பகல் வெயிலில் அதுவும் தெரியாது. சாதாரண சிவப்புப் பின்விளக்கு ஒன்று கட்டாயம் போடுங்கள். புதுச் சைக்கிளோடு வருகிற ரிஃப்ளெக்டர்களை அழகு கெடுகிறது என்று கழற்றாதீர்கள். அவற்றுக்காகவே மத்திய அரசு 2020-இல் தரக்கட்டுப்பாட்டு ஆணை கொண்டுவந்தது.

சரி, கண்ணாடிக்கு வருவோம். கைப்பிடியின் முனையில் இருக்கும் மூடியை எடுத்துவிட்டு, ரப்பர் அடைப்போடு கூடிய தண்டை உள்ளே சொருக வேண்டும். ஆலன் கீயால், அதாவது ஆறு பட்டை உள்ள திருகு சாவியால் திருகினால் ரப்பர் உப்பிக்கொண்டு குழாயை உள்ளிருந்து இறுக்கிப் பிடிக்கும். கைப்பிடி ரப்பரின் முனை ஓட்டை இல்லாமல் அடைபட்டு வந்திருந்தால் பிளேடால் வட்டமாக வெட்ட வேண்டியிருக்கும். நாம் இடது பக்கமாக ஓட்டுவதால் வலது முனைக்கு ஒன்று போதும். ஹேண்டிலைப் பிடித்து உட்கார்ந்த நிலையில், கண்ணாடியின் ஓரத்தில் நம் முழங்கை லேசாகத் தெரிகிற மாதிரி திருப்பி வையுங்கள். மிச்சம் முழுக்கச் சாலை தெரியும்.

இது குவி ஆடி. நிறைய இடத்தைக் காட்டும், எல்லாவற்றையும் சின்னதாக்கியும் காட்டும். தூரத்தில் இருப்பது போலத் தெரிகிற பஸ் உண்மையில் இன்னும் பக்கத்தில் இருக்கும். அதனால் கண்ணாடியைப் பார்த்த கையோடு விலகிவிடக் கூடாது. கண்ணாடியில் இடைவெளியைப் பார்க்க வேண்டும், ஒரு தடவை தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும், அப்புறம் கையை நீட்ட வேண்டும். நீட்டியதும் மறுபடி கண்ணாடி. பின்னால் வருகிற வண்டி வேகத்தைக் குறைத்தால் அதன் உருவம் பெரிதாவது நின்றுவிடும். எனக்கு வேண்டிய பதில் அதுதான். குறைக்காமல் வந்துகொண்டே இருந்தால் கையை இறக்கிவிட்டு அவரை முதலில் போகவிடுகிறேன். கண்ணாடி இல்லாதபோது கையை நீட்டிவிட்டு நம்பிக்கையில் விலகுவதுதான் வழி.

கை சைகை என்றால் நான் சொல்வது அக்கம்பக்கம் ஆட்டுவதை அல்ல. 1989-இல் வந்த சாலை விதிமுறைகளில் ஓட்டுநருக்கான சைகைகள் விவரமாக இருந்தன. வலது பக்கம் திரும்ப வலது கையைத் தோள் உயரத்துக்கு நேராக நீட்டி, உள்ளங்கையை முன்பக்கம் காட்ட வேண்டும். வேகம் குறைக்க அதே கையை உள்ளங்கை கீழே பார்க்கும்படி நீட்டி மேலும் கீழும் அசைக்க வேண்டும். டிரைவிங் ஸ்கூலில் இதைக் கற்றவர்கள் சாலையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். முழங்கை மடியாமல் முழுக் கையையும் நீட்டினால் பின்னால் வருபவர்கள் மதிக்கிறார்கள். அரைகுறையாக நீட்டினால் சோம்பல் முறிப்பதாக நினைத்துவிடுவார்கள். சிக்னலில் ஒரு ஆட்டோ அண்ணன் என்னிடம், “பெல் அடிச்சா யாருக்கும்மா கேக்குது? கை காட்டு, நாங்க விட்டுர்றோம்” என்றார். என் அனுபவமும் அதுவே.

ஒரு எச்சரிக்கை. நம் ஊர் சைக்கிள்களில் பெரும்பாலும் வலது பிரேக் முன்சக்கரத்துக்கு. வலது கையை எடுத்தால் பின்பிரேக் மட்டும்தான் மிச்சம். வேகத்தைக் குறைத்துவிட்டுக் கை காட்டுங்கள், பள்ளம் வந்தால் சைகையை விட்டுவிட்டு ஹேண்டிலைப் பிடியுங்கள்.

நாம் சொல்வதைப் போலவே அவர்கள் சொல்வதையும் கவனிக்க வேண்டும். கண்டக்டரின் விசில் ஒன்று என்றால் பஸ் நிற்கப் போகிறது, இரண்டு என்றால் கிளம்பப் போகிறது. இரண்டு விசில் கேட்டுவிட்டால் நான் பஸ்ஸைத் தாண்டவே முயல மாட்டேன். எதிரே வருபவர் லைட் அடித்தால் வழி விடுகிறார் என்று நினைக்காதீர்கள், நம் சாலைகளில் பெரும்பாலும் “நான் வருகிறேன், நில்” என்றுதான் அர்த்தம். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு ஓட்டினால் இந்த விசில் எதுவும் கேட்காது.

கண்ணாடியின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மோசமான தார்ச்சாலையில் அது நடுங்கும், உருவம் கலைந்துவிடும். ராத்திரி பின்னால் ஹைபீம் போட்டு வந்தால் கண் கூசும். மழைத்துளி நின்றால் துடைக்கத்தான் வேண்டும். ஹேண்டில் அகலம் கூடுவதால், சிக்னலில் பைக்குகளுக்கு நடுவே நுழையும்போது முதலில் இடிபடுவது இதுதான். மடக்கக்கூடிய தண்டு உள்ளதை வாங்கினால் இடித்தாலும் உடையாது. 150 ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்று பிளாஸ்டிக் பூச்சுக் கண்ணாடியை வாங்காதீர்கள். துடைக்கத் துடைக்கக் கீறல் விழுந்து மங்கிவிடும். நிஜக் கண்ணாடியா என்று நகத்தால் தட்டிப் பார்த்து வாங்குங்கள்.

வளைந்த ஹேண்டில் கொண்ட ரேஸ் சைக்கிளுக்கு இந்த மாடல் சரிப்படாது, முனை கீழ்ப்பக்கம் இருப்பதால் குனிந்து பார்க்க வேண்டியிருக்கும். நேரான ஹேண்டில் உள்ள எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஆன்லைனில் வாங்குவதைவிடச் சைக்கிளையே கடைக்கு ஓட்டிக்கொண்டு போய், ஹேண்டில் குழாயின் உள்ளளவுக்கு ரப்பர் இறுகுகிறதா என்று அங்கேயே மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.