தாத்தாவின் உடைந்த பல்லைத் தொடாத கடை

பழைய படங்களைச் சரிசெய்து சட்டம் போட்டுக் கொடுக்கும் கடை இது, சிங்கப்பூரில் தேக்கா பக்கம். சொன்ன தேதிக்குப் பதினொரு நாள் கழித்துத்தான் கொடுத்தார்கள். அப்படியும் ஐந்து நட்சத்திரம் கொடுக்கிறேன்.

தாத்தா போன வருஷம் இறந்தார். முதல் நினைவு நாளுக்குப் படையல் போட ஒரு படம் வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படங்கள் வீட்டில் நிறைய இருந்தன. பாட்டி ஒன்றையும் ஏற்கவில்லை. "இதுல எல்லாம் யாரோ மாதிரி உட்கார்ந்திருக்காரு. பட்டாளத்துப் படத்தை எடுத்துட்டு வா" என்றார்.

தாத்தா இரண்டாவது சிங்கப்பூர் காலாட்படைப் பிரிவில் இருந்தவர். அந்தப் பிரிவு தொடங்கிய 1962லேயே சேர்ந்துவிட்டார். படத்தில் ஏழு பேர் சீருடையில் நிற்கிறார்கள். ஆறு பேர் முகத்தை இறுக்கி வைத்திருக்கிறார்கள். ஒருவர் மட்டும் வாய் கொள்ளாமல் சிரிக்கிறார், முன்பல் பாதி உடைந்து தெரிகிறது. அதுதான் தாத்தா.

அந்தப் பல்லுக்குப் பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் ஒரு கதை சொல்லி வைத்திருந்தார். என்னிடம், காட்டில் புலி அறைந்தது என்றார். தம்பியிடம், தேங்காயைப் பல்லாலேயே உரித்தேன் என்றார். பாட்டிதான் உண்மையைச் சொன்னார்: பட்டாளத்தில் கொடுத்த கெட்டி பிஸ்கட். தேநீரில் நனைத்துத் தின்னச் சொன்னார்களாம், இவர் கேட்கவில்லையாம்.

பள்ளி விடுமுறையில் அவர் வீட்டில் தங்கினால் காலை ஐந்தரைக்கு "செடியா!" என்று ஒரு குரல் கேட்கும். நாங்கள் கட்டிலிலேயே விறைத்து நிற்க வேண்டும். பல் துலக்கி, தோசை தின்று முடித்த பிறகுதான் "செனாங் டிரி", அதாவது இனி இயல்பாக நிற்கலாம். பட்டாளத்துக் கட்டளை மலாயில்தான் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. தாத்தா கண்டுபிடித்த விளையாட்டு என்றே நினைத்திருந்தோம்.

பட்டாளத்தை விட்ட பிறகு ஜூரோங்கில் ஒரு கிடங்கில் இரவுக் காவல். விடிந்ததும் நேராக காமன்வெல்த் பக்கம் போய் வீடு வீடாகப் பத்திரிகை போடுவார். அந்தப் பழைய புளோக்குகளில் அப்போது மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. மேலே போய் இறங்கி, ஒவ்வொரு மாடியாகப் படியில் நடந்து வருவார். அறுபத்தெட்டு வயது வரை இப்படித்தான். ஓய்வெடுக்கச் சொன்னால், "என் கால் ஓய்வு கேட்கல, நீ ஏன் அதுக்குச் சிபாரிசு பண்றே?" என்பார்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் சிரித்ததில்லை. 1965 பிப்ரவரி 28 அன்று, இந்தோனீசியாவோடு மோதல் நடந்த காலத்தில், கோத்தா திங்கியில் அவருடைய பிரிவைச் சேர்ந்தவர்கள் பதுங்கியிருந்த எதிரிகளின் தாக்குதலில் இறந்தார்கள். 2015இல் டோபி காட் பகுதியில், மெக்டோனல்ட் ஹவுஸ் கட்டடத்துக்கு எதிரே, அந்த மோதலுக்கு நினைவுச்சின்னம் திறந்தபோது அவரைச் சக்கர நாற்காலியில் கூட்டிப் போனேன். தனக்குத்தானே மெல்ல "செடியா" என்று சொல்லிக்கொண்டு, உட்கார்ந்தபடியே சல்யூட் அடித்தார்.

சரி, கடைக்கு வருகிறேன். படம் கண்ணாடியோடு ஒட்டிப் போயிருந்தது. முதலில் வேறொரு இடத்தில் கொடுத்தேன். ஏதோ செயலியில் போட்டு அரை மணி நேரத்தில் தந்துவிட்டார்கள். தோல் பளிங்கு மாதிரி, பல் வரிசை விளம்பரத்தில் வருவது மாதிரி. பாட்டி கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "யாருடி இது?" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இந்தக் கடை அண்ணன் படத்தைக் கையில் வாங்கியதும் முதலில் சொன்னது, "உரிக்க வேண்டாம்." நம் ஊர் ஈரப்பதத்தில் படத்தின் மேல் பூச்சு இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளுமாம். இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே, இரண்டு பக்கமும் சாய்வாக விளக்கு வைத்து, பிரதிபலிப்பை வெட்டும் வடிகட்டி போட்டுப் படம் பிடித்தார். அப்புறம் கணினியில் பூஞ்சைப் புள்ளிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். நடுவில் எனக்கு ஒரே ஒரு போன்: "தங்கச்சி, இது படத்துல விழுந்த கீறலா, பல்லே இப்படித்தானா?" பல்லே அப்படித்தான் என்றேன். "அப்போ நான் தொடல" என்றார்.

ஓரத்தில் நிற்பவரின் பாதி முகத்தைப் பூஞ்சை தின்றிருந்தது. அதை வரைந்து நிரப்ப முடியுமா என்று கேட்டேன். "நான் வரைஞ்சா அது அவர் இல்லையே" என்று மறுத்துவிட்டார். அந்த இடம் சாம்பல் நிறமாகவே இருக்கிறது. வேறு யாருடைய தாத்தாவோ அவர். அவருக்கும் இந்த மரியாதை கிடைத்ததில் எனக்கு நிறைவு.

தாமதத்துக்குக் காரணம், முதல் பிரதி கொஞ்சம் மஞ்சளாக வந்துவிட்டது. நான் பார்ப்பதற்கு முன்பே அவரே அதை ஒதுக்கிவிட்டு மறுபடி அச்சிட்டிருக்கிறார். ஆனால் தாமதமாகும் என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருக்கலாம். நினைவு நாளுக்கு இரண்டு நாள் முன்புதான் கைக்கு வந்தது, அதுவரை எனக்குத் தூக்கமில்லை. சட்டத்தோடு சேர்த்து 165 வெள்ளி. இந்த முறை படம் கண்ணாடியில் படாதபடி நடுவில் அமிலமில்லாத அட்டை வைத்திருக்கிறார். நீங்கள் போவதானால் பழைய சட்டத்தைக் கழற்றாமல், துடைக்காமல் அப்படியே கொண்டு போங்கள்.

படையல் அன்று பாட்டி மாலையை இரண்டு முறை கழற்றி மாட்டினார், சிரிப்பு மறைகிறது என்று. இலையில் வடை, பாயசம், தாத்தாவுக்குப் பிடித்த கோழிக் குழம்பு எல்லாம் வைத்தாகிவிட்டது. கடைசியில் அடுப்படிக்குப் போய் ஒரு குவளைத் தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் எடுத்து வந்து படத்துக்கு முன்னால் வைத்தார்.

"இப்பவாவது நனைச்சுத் தின்னுங்க" என்றார்.