காசு கட்டிக் கூலி வேலை பார்த்தோம்: திருகோணமலையில் போட்டோ பழகப் போகிறவர்கள் கவனிக்க

போட்டோ வகுப்பு என்று எங்களை ஏமாற்றிய ஆளின் பெயரைப் போடப் போவதில்லை. விஷயம் மத்தியஸ்த சபையில் இருக்கிறது, அது முடியும்வரை வாயை அடக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஏமாற்றுகிற முறையைச் சொல்லக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. முறை தெரிந்தால் போதும், ஆளை நீங்களே பிடித்துவிடுவீர்கள்.

முறை இதுதான். கமரா வாங்கிக் கொஞ்ச நாளான பிள்ளைகளிடம் 'மென்டரிங்' என்று காசு வாங்குவார். இன்னொரு பக்கம் சாமத்தியவீடு, பிறந்தநாள், கலியாணம் என்று வருகிற குடும்பங்களிடம், தானே வந்து எடுப்பதாகச் சொல்லி அட்வான்ஸ் வாங்குவார். பிறகு இந்தப் பிள்ளைகளை அந்தக் குடும்பங்களிடம் அனுப்பிவிடுவார். பழகப் போனவர் காசு கட்டி வேலை செய்கிறார், படம் எடுக்கக் கூப்பிட்டவர் காசு கட்டிப் பழகுநரை வாங்குகிறார். நடுவில் நிற்கிறவருக்குக் கமராவைத் தூக்குகிற சிரமம்கூட இல்லை.

எனக்கு வந்த விளம்பரத்தில் 'போர்ட்ரெய்ட் மாஸ்டர் கிளாஸ்', வார இறுதி வகுப்பு, நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாமலைத் தீவுக்கு ஒரு போட்டோ வோக், சர்வதேசச் சான்றிதழ், முடிவில் வேலை என்று இருந்தது. கட்டணம் 38,000 ரூபா. காசு போனது நிறுவனக் கணக்குக்கு இல்லை, வேறொரு தனி ஆளின் கணக்குக்கு. ரசீது கேட்டபோது, "பேங்க் சிலிப்தானே ரசீது தங்கச்சி" என்று சிரித்தார். எல்லோரும் அவரைச் சேர் என்றுதான் கூப்பிடுவோம். அவரும் எல்லோரையும் தம்பி, தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அப்படி ஒரு பாசம்.

வகுப்பு ஒரு மாடி அறையில் நடக்கும். புரொஜெக்டரில், படத்தின் வெளிச்சத்தைத் தீர்மானிக்கிற அப்பேச்சர், ஷட்டர், ஐ.எஸ்.ஓ. என்று மூன்று மூலை வரைந்த படம் ஒன்றைக் காட்டுவார். அது இணையத்தில் எங்கே தேடினாலும் வரும். அதற்குப் பிறகு யார் யாரோ வெளிநாட்டுக்காரர் எடுத்த படங்கள். "எப்படி இருக்கு பார்த்தீங்களா?" என்பார். எப்படி எடுத்தது என்று கேட்டால் அது அட்வான்ஸ் மொடியூல். அட்வான்ஸ் மொடியூலுக்குத் தனிக் கட்டணம். எங்கள் படம் ஒன்றைக்கூட அவர் எங்களோடு உட்கார்ந்து பார்த்ததில்லை. வட்ஸ்அப் குழுவில் போட்டால் நெருப்பு எமோஜி வரும், அவ்வளவுதான் திருத்தம்.

லென்ஸ் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பலருக்கு அங்கேதான் பெரிய காசு போனது. போர்ட்ரெய்ட் என்றால் 85 எம்.எம். லென்ஸ் இல்லாமல் முடியாது என்று திரும்பத் திரும்பச் சொல்வார். தற்செயலாக அவரிடமே பாவித்த 85 ஒன்று விற்பனைக்கு இருக்கும். எங்களில் அநேகமானவர்களிடம் இருந்தது சின்னச் சென்சர் உள்ள கெனன். அதில் 85ஐப் போட்டால் 136 எம்.எம். போல ஆகிவிடும், அதாவது காட்சியை இன்னும் கிட்ட இழுத்துக் காட்டும். கடற்கரையில் பரவாயில்லை. நம் வீட்டு ஹோலில் ஒரு பிள்ளையை இடுப்புவரை எடுக்கப் பின்னுக்குப் போனால் முதுகு சுவரில் இடிக்கும். அதே கமராவில் மலிவான 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸ் 80 எம்.எம். போல வேலை செய்யும், போர்ட்ரெய்ட்டுக்கு அது தாராளம். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் அவருடைய லென்ஸை யார் வாங்குவது?

நான் வாங்கிய லென்ஸ் வெளியே பார்க்கப் புத்தம் புதிது. படம் மட்டும் ஒரு மாதிரிப் புகை பிடித்தது போல வந்தது, வெளிச்சத்துக்கு எதிராக எடுத்தால் இன்னும் மோசம். "எடிட்டில் கொன்ட்ராஸ்ட் கூட்டுங்க" என்றார். ஒரு நாள் இரவு கரண்ட் போன நேரம் போன் டோர்ச்சை லென்ஸின் பின்பக்கத்திலிருந்து அடித்துப் பார்த்தேன். உள்ளே இருந்த கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வெள்ளை வெள்ளையாக நூல் ஓடியிருந்தது, சிலந்தி வலையைப் பிய்த்து ஒட்டியது மாதிரி. பங்கஸ். துடைத்தால் போகாது, உள் கண்ணாடியில் இருக்கிறது. கடலோர ஊரில் ஈரம் அதிகம், உறைக்குள் பூட்டி அலுமாரியில் வைத்த லென்ஸுக்கு இது சாதாரணமாக வரும் என்று பிறகுதான் தெரிந்தது. ஈரப்பதம் 40 முதல் 50 வீதத்துக்குள் இருக்கிற டிரை பொக்ஸ் வேண்டும், அது இல்லையென்றால் இறுக்கமாக மூடுகிற பிளாஸ்டிக் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் வேண்டும். திருகோணமலையில் கமரா வைத்திருக்கிற யாருக்கும் முதலில் சொல்லித்தர வேண்டிய பாடம் இதுதான். எங்களுக்கு அது சொல்லப்படவே இல்லை. பாவித்த லென்ஸ் வாங்குகிறவர்கள் தயவுசெய்து டோர்ச் அடித்துப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

புறாமலைப் பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கட்டணத்துக்குள் அடங்கும் என்றது கடைசியில் அடங்கவில்லை. அது தேசிய பூங்கா, டிக்கெட் எடுக்கத்தான் வேண்டும், சரி. ஆனால் நிலாவெளியில் படகு வாடகை படகுக்கு, ஆளுக்கு இல்லை. எங்களிடம் ஆளுக்கு ஆள் வாங்கினார்.

இனி 'ஃபீல்ட் ட்ரெய்னிங்'. ஒரு சனிக்கிழமை காலையில் டச் பே கடற்கரைக்கு வரச் சொன்னார், பத்துப் பதினொரு மணிபோல. கிழக்குப் பார்த்த கடற்கரை அது. ஆறு மணிக்குச் சூரியன் கடலிலிருந்து கிளம்பும்போது அங்கே விழுகிற வெளிச்சத்துக்காகவே ஆட்கள் எழும்பி வருவார்கள். பின்னேரம் வெயில் ஊருக்குப் பின்னால் இறங்கிவிடும், அந்த நேரமும் முகத்துக்கு நல்லது. பதினொரு மணிக்கு ஏன்? காலை வெளிச்சத்தில் அவருக்கு வேறு ஒரு புக்கிங் இருந்தது.

அங்கே ஒரு சாமத்தியவீட்டுக் குடும்பம் வந்து நின்றது. பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளை. விடியப்புறமே எழுப்பி மேக்கப் போட்டு, பட்டுச் சீலையும் நகையும் ஏற்றி, அந்த வெயிலில் மணலில் நிறுத்தியிருந்தார்கள். பவுடர் வழிந்து கழுத்தில் கோடு விழுந்திருந்தது. தாய் என்னிடம் வந்து, "பிள்ளை, சேர் எப்ப வருவார்?" என்று கேட்டார். சேர் போனில் மட்டும் வந்தார். "நீங்க தொடங்குங்க, நான் வாறன்." கடைசிவரை வரவில்லை. அந்தத் தாய் அவுட்டோருக்கு மட்டும் 45,000 கட்டியிருந்தார், சேர் எடுப்பார் என்று.

எங்களுடன் பழகிய கிண்ணியாத் தம்பி ஒருவர் சொந்தக் காசில் ஒரு ஃபிளாஷும், அதைக் கமராவிலிருந்து தள்ளி வைத்து அடிக்கச் சீன ட்ரிகர் ஒன்றும் வாங்கி வைத்திருந்தார். லென்ஸின் வாயை அகலத் திறந்து எப்போதும் 1.8இல் எடு என்பதுதான் சேரின் ஒரே உபதேசம். உச்சி வெயிலில் 1.8 என்றால் வெளிச்சம் கூடிப்போகாமல் இருக்க ஷட்டர் வேகம் 1/1000 செக்கனுக்கு மேலே போக வேண்டும். அந்தக் கமராவில் ஃபிளாஷ் ஒத்துப்போகிற உச்ச வேகம் 1/200. அதைத் தாண்டினால் ஷட்டரின் முதல் திரை முழுவதும் திறக்கும் முன்பே இரண்டாவது திரை மூடத் தொடங்கிவிடும், ஃபிளாஷ் வெளிச்சம் சென்சரின் ஒரு பகுதிக்குத்தான் விழும். படத்துக்குப் படம் கீழே ஓர் இருண்ட பட்டை. தம்பி ஃபிளாஷ் பழுது என்று நினைத்து அழுவாரைப் போல நின்றார். காசு கட்டிப் பழகியவருக்கு இந்த ஒரு வரியைச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். தாயும் மகளும் சேர்ந்து நிற்கிற படங்களில் அதே 1.8ஆல் தெளிவு விழுகிற ஆழம் குறைந்து, மகள் தெளிவு, தாய் மங்கல்.

நான் பிள்ளையைப் பிரெட்ரிக் கோட்டை வாசல் பக்கத்து மர நிழலுக்குக் கூட்டிப்போனேன். ஃபிரிட்ஜ் வந்த பெட்டிக்குள் இருந்த ரெஜிபோம் தட்டு ஒன்று எப்போதும் என்னிடம் இருக்கும், ஒரு மூலை உடைந்தது. அதைப் பிள்ளையின் தாய்மாமனிடம் கொடுத்து நெஞ்சு உயரத்தில் பிடிக்கச் சொன்னேன். கண்குழியில் இருந்த கறுப்பு போனது. மான் ஒன்று பக்கத்தில் வந்து நிற்க, பிள்ளை அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். உள்ளே இராணுவ முகாம் இருக்கிற இடம் என்பதால் ஒரு சிப்பாய் வந்து, யார் பொறுப்பு, அனுமதி இருக்கிறதா என்று கேட்டார். யார் பொறுப்பு என்று சொல்ல எங்களுக்கும் ஆள் இல்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வந்தோம்.

முடிந்ததும் எல்லோருடைய மெமரி கார்டையும் 'பேக்கப்' எடுக்க என்று வாங்கிக்கொண்டார். திருப்பித் தந்தபோது கார்டு வெறுமை. இரண்டு கிழமையால் அவருடைய சமூக ஊடகப் பக்கத்தில் ஒரு படம் வந்தது. மர நிழல், மான், சிரிப்பு. மூலையில் அவருடைய பெயர் வோட்டர்மார்க்காக. கீழே, "இயற்கை ஒளியில் எனது கைவண்ணம்." புது பேட்ச்சுக்கான விளம்பரமும் அதோடு.

கேட்டேன். "தங்கச்சி, அன்றைக்கு எல்லாரும் ஒரே இடத்தில்தானே எடுத்தீங்க, யாருடையது என்று எப்படிச் சொல்றது?" என்றார். அவருக்குத் தெரியாத ஒன்று: கார்டைக் கமராவில் சாதாரணமாக ஃபோர்மட் செய்தால் படங்கள் அழிவதில்லை, அவற்றின் பட்டியல்தான் அழிகிறது. மேலே புதிதாக எதுவும் எழுதப்படாதவரை மீட்கலாம். நான் அந்தக் கார்டைத் தொடாமல் வைத்து, போட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் எடுத்தேன். ரோ ஃபைல், அதாவது கமரா பதிந்த மூலப் படம், முழுதாக வந்தது, என் கமராவின் தொடர் இலக்கத்தோடு. சமூக ஊடகத்தில் ஏற்றும்போது இந்த விபரங்கள் பெரும்பாலும் கழன்றுவிடும், அதனால் அவர் போட்ட படத்தில் ஒன்றும் இருக்காது. மூலம் யாரிடம் இருக்கிறது என்பதுதான் பேச்சு. அந்த ஃபைலைப் பெரிதாக்கினால் பிள்ளையின் கண்மணிக்குள் ஒரு வெள்ளைச் சதுரம் தெரியும். அதன் ஒரு மூலை உடைந்திருக்கும்.

எனக்கு என் பெயர் போனதைவிட அந்தத் தாயின் நிலைமைதான் கோபத்தைத் தந்தது. மகளின் படத்தை விளம்பரத்துக்குப் போட அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வயது குறைந்த பிள்ளை. சொந்தக்காரர் போன் பண்ணித்தான் அவருக்கே தெரியும். அவருக்குக் கிடைத்தவை வோட்டர்மார்க் போட்ட சின்ன ஜேபெக்குகள், இருண்ட பட்டை விழுந்தவற்றை முழங்காலுக்கு மேலே வெட்டிக் கொடுத்திருந்தார்கள். சுத்தமான பிரதி வேண்டுமென்றால் இன்னும் 15,000.

நானும் அந்தத் தாயும் சேர்ந்துதான் முறையிடப் போனோம். நுகர்வோர் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் பேசினால் வழி சொல்வார்கள், முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். சேவை பற்றிய முறைப்பாடு என்றால் மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிடுங்கள், தள்ளிப்போட்டால் அதையே காரணமாகச் சொல்லித் தப்பப் பார்ப்பார்கள். காசுத் தகராறுக்கு மத்தியஸ்த சபை. சட்டத்தரணி தேவையில்லை, தமிழிலேயே பேசலாம். பேங்க் சிலிப், வட்ஸ்அப் உரையாடல், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷொட் மூன்றையும் அச்செடுத்துக் கொண்டு போங்கள். விளம்பரத்தை முதலிலேயே ஸ்கிரீன்ஷொட் எடுங்கள், பிரச்சினை தொடங்கிய அன்றே அதை அழித்துவிட்டார்.

படத்தின் உரிமை பற்றி: 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் போட்டோவையும் பாதுகாக்கிறது. எடுத்தவர்தான் ஆக்கியோன், பாதுகாப்பு அவர் வாழ்நாளும் அதற்குப் பிறகு 70 வருடங்களும். ஆனால் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தால் பொருளாதார உரிமை, அதாவது படத்தை வைத்துச் சம்பாதிக்கிற உரிமை, கைமாறிவிடும். நான் நிரப்பிய படிவத்தில் அப்படி ஒரு வரி இல்லை. நாங்கள் கேள்வி கேட்ட பிறகு வந்த பேட்ச்சின் படிவத்தில், பயிற்சியின்போது எடுக்கப்படும் படங்கள் அனைத்தும் நிலையத்துக்குச் சொந்தம் என்று கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் சேர்த்திருக்கிறார்கள். கையெழுத்துப் போடும் முன் அந்தப் பக்கத்தைத் திருப்புங்கள்.

சான்றிதழ் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: தங்க நிற முத்திரை, ஆங்கிலம், லெமினேட். பதிவிலக்கம் இல்லை. தொழிற்பயிற்சி நிலையங்கள் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்திருக்க வேண்டும், அந்தப் பட்டியலை இணையத்தில் யாரும் பார்க்கலாம். இவருடைய பெயரை அதில் நான் காணவில்லை. பதியாத ஆள் எல்லாம் கள்ளன் என்று சொல்லவில்லை. இப்போது நான் போகிற பழைய ஸ்டூடியோக்காரருக்குப் பதிவும் இல்லை, பேஸ்புக்கும் இல்லை. ஃபிலிம் காலத்து மனுசன். என்னை ஜன்னலோரம் உட்கார வைத்து, தான் ஒரு கதிரையோடு நகர்ந்து நகர்ந்து, மூக்கின் நிழல் எங்கே விழுகிறது என்று மட்டும் ஒரு மத்தியானம் முழுக்கக் காட்டினார். நான் எடுத்த படங்களை ஒவ்வொன்றாக வைத்து, "இதை ஏன் பிள்ளை வைச்சிருக்கிறாய்?" என்று கேட்பார். பதில் சொல்ல முடியாவிட்டால் அழி என்பார். காசு கேட்டால் தேத்தண்ணி வாங்கித் தரச் சொல்வார்.

படம் எடுக்கக் கூப்பிடுகிற குடும்பங்கள் ஒன்று செய்யுங்கள். எடுக்கப் போகிறவர் யார், எத்தனை படம், என்ன அளவில், எந்தத் திகதிக்குள், இணையத்தில் போடலாமா கூடாதா என்பதை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். வட்ஸ்அப்பில் எழுதி அவர் 'ஓம்' போட்டாலும் கையில் ஒரு சாட்சி இருக்கும். உதவியாளர் வருவது பிழையில்லை, எல்லாப் பெரிய வேலைக்கும் வருவார்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுத்துத்தான் கூட்டி வருவார்கள்.

இப்போதைய நிலைமை: மத்தியஸ்த சபையின் முதல் தவணைக்கு அவர் வரவில்லை. இரண்டாவதுக்கு வந்து, தாய்க்கு வோட்டர்மார்க் இல்லாத படங்களைக் கொடுத்தார், தன் பக்கத்திலிருந்து பிள்ளையின் படத்தையும் நீக்கினார். லென்ஸ் காசுக்கு, விற்ற பொருள் திருப்பி எடுப்பதில்லை என்று நிற்கிறார். கிண்ணியாத் தம்பியும் வேறு சிலரும் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இதே முறையில் காசு கட்டியவர்கள் இருந்தால் சிலிப்பைத் தேடி எடுத்துக்கொண்டு எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். லென்ஸ் வாங்கியிருந்தால் இன்றைக்கு இரவே டோர்ச் அடித்துப் பார்த்து, தெரிவதை இன்னொரு போனால் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த தவணையில் அதுவும் தேவைப்படும்.