60 வாட்டிலிருந்து 85 வாட்டுக்கு: யமாஹா ஏ-எஸ்501ஐ ஒரு வாரம் கேட்டுப் பார்த்தேன்

செந்தூல் அடுக்குமாடியில், எங்கள் வீட்டு ஹாலில் ஏழு வருஷமாகப் பாடிக்கொண்டிருப்பது யமாஹா ஏ-எஸ்301 ஆம்ப்ளிஃபயர். ஒரு ஸ்பீக்கருக்கு 60 வாட், இதுவரை ஒரு தொந்தரவும் இல்லை. போன மாதம் சும்மா ஒரு கடைக்குள் நுழைந்தேன், என்ன ஸ்பீக்கர் என்று கேட்ட தவுக்கே (கடை முதலாளி), உங்கள் ஆம்ப்ளிஃபயர் இதற்குப் பத்தாது என்று மலாயில் ஒரு வார்த்தை போட்டுவிட்டார். அன்றிலிருந்து எந்தப் பாட்டைக் கேட்டாலும் ஏதோ குறைகிற மாதிரியே இருந்தது.

நல்லவேளை, கிள்ளானில் இருக்கும் நண்பனிடம் 85 வாட் ஏ-எஸ்501 இருந்தது, ஒரு வாரத்துக்குக் கொடுத்தான்.

முதல் நாள் அமர்க்களம்தான். நாதஸ்வரக் கச்சேரி ஒன்றைப் போட்டேன், தவில் அடி நெஞ்சில் வந்து விழுந்தது. அப்புறம்தான் உறைத்தது, புதுசு என்ற ஆசையில் சத்தத்தைக் கூட்டி வைத்திருக்கிறேன். மறுநாள் கைப்பேசிச் செயலியால் அளந்து இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்தேன். வீட்டுக்காரி வயரை மாற்றி மாற்றிப் போட, நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து எது எதென்று சொல்ல வேண்டும். பத்தில் ஐந்து சரி. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும்.

கணக்கும் அதைத்தான் சொல்கிறது. வாட் இரண்டு மடங்கானால் சத்தம் கூடுவது 3 டெசிபல், 60க்கும் 85க்கும் நடுவே இருப்பது வெறும் 1.5. காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமென்றால் கிட்டத்தட்ட பத்து மடங்கு வாட் வேண்டும், அதாவது எனக்கு 600! என் ஸ்பீக்கரோ 1 வாட்டுக்கே ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் கொடுக்கிறது. சாயங்காலம் மின்னல் எஃப்எம் கேட்க ஒரு வாட்கூட ஆகாது. கொஞ்சம் கூட்டினால் கீழ்வீட்டு அக்கா மேலே வந்துவிடுவார்.

வசதிகளும் ஏறக்குறைய அதேதான். டிவிக்கு ஆப்டிகல் இணைப்பு, ரெக்கார்டு பிளேயருக்கு ஃபோனோ இணைப்பு, இரண்டும் என் பழையதிலேயே உண்டு. புளூடூத் இரண்டிலுமே உள்ளே கிடையாது, வேண்டுமென்றால் தனியாகத்தான் மாட்ட வேண்டும்.

இதற்காக ஏ-எஸ்501 மோசம் என்று சொல்லவில்லை. புதிதாக வாங்குகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். 1 வாட்டுக்கு 83, 84 டெசிபல் மட்டுமே கொடுக்கும் ஸ்பீக்கர், மின்தடை 4 ஓம் வரை இறங்கும் ஸ்பீக்கர், தரைவீட்டுப் பெரிய ஹால், கூட்டி வைத்தால் குரல் கரகரப்பது, இதெல்லாம் இருந்தால் வாட் கேட்பதில் நியாயம் உண்டு. வால்யூமைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால் அது வேறு விஷயம், முதலில் ஜாலான் பாசார் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் காண்டாக்ட் கிளீனர் (உள்ளே மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்பிரே) ஒன்று வாங்கி அடித்துப் பாருங்கள்.

என் வீட்டில் குறை அறையில்தான் இருந்தது. வெறும் டைல்ஸ் தரை, திரையில்லாத கண்ணாடி ஜன்னல், டிவி அலமாரிக்குள் மூலையில் திணித்த ஸ்பீக்கர்கள். அவற்றை வெளியே எடுத்துச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி ஸ்டாண்டில் வைத்தேன், மஸ்ஜித் இந்தியாவில் வாங்கிய கம்பளத்தை நடுவில் விரித்தேன். குடம் மாதிரி முழங்கிய பேஸ் அடங்கி, பாடுகிறவர் குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் வந்து நின்றது. இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க யாரும் வயர் மாற்ற வேண்டியிருக்கவில்லை, சமையலறையிலிருந்தே வீட்டுக்காரி கேட்டுவிட்டாள்.

நண்பனின் பெட்டி சனிக்கிழமை கிள்ளானுக்குத் திரும்புகிறது.