தோட்ட வேலைக்கு எந்தக் காலணி? முதலில் கவிழ்த்துப் பாருங்கள்

எலுமிச்சை மரத்தைக் கவாத்து செய்துவிட்டு, வெட்டிய கிளைகளை ஓரமாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். காலில், வாசலில் கிடந்த ரப்பர் செருப்பு. பத்து நிமிட வேலைதானே என்று அப்படியே இறங்கியிருந்தேன். ஒரு கிளையை மிதித்ததும் சுருக்கென்றது. குனிந்து பார்த்தால் செருப்பும் காலும் சேர்த்துத் தைத்தது மாதிரி இருக்கிறது. முள் சோலைத் துளைத்துக்கொண்டு உள்ளங்காலுக்குள் ஏறியிருந்தது. பிடுங்கியபோது நுனி உள்ளேயே ஒடிந்துவிட்டது. மருத்துவர் அதைக் கீறி எடுத்து, டி.டி. ஊசியும் போட்டார். இரண்டு வாரம் குதிகாலை மட்டும் ஊன்றி நடந்தேன்.

அதற்குப் பிறகுதான் தோட்டத்துக்கென்று தனியாகக் காலணி தேட ஆரம்பித்தேன். இந்த ஆறேழு வருடங்களில் அநேகமாக எல்லா வகையையும் போட்டு வேலை செய்து பார்த்துவிட்டேன். கடைக்குப் போனால் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, "தண்ணி உள்ளே போகுமா?" என்பதுதான். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது எந்தக் காலணியை எடுத்தாலும் முதலில் கவிழ்த்து அடியைப் பார்க்கிறேன். முள், ஆணி, உடைந்த கண்ணாடி, வழுக்கும் களிமண் என்று தோட்டத்தில் காலுக்கு வரும் கேடு பெரும்பாலும் கீழேயிருந்துதான் வருகிறது. நனைந்த கால் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். குத்திய முள் அப்படி விடாது.

வெறுங்காலும் ரப்பர் செருப்பும்

வெறுங்காலில் மண்ணை மிதிக்கும் சுகத்தை நான் மறுக்க மாட்டேன். எங்கே ஈரம் இருக்கிறது, எங்கே மண் இறுகிக் கிடக்கிறது என்று பாதம் உடனே சொல்லிவிடும். நன்றாகத் தெரிந்த, சுத்தமான புல்தரையில் தண்ணீர் விடுவதோடு சரி. கொத்த, வெட்ட, எரு கலக்க வெறுங்கால் வேண்டாம். மனிதக் கழிவு கலந்த ஈரமண்ணில் கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் இருக்கும். அவை பாதத்தின் தோலைத் துளைத்தே உடம்புக்குள் நுழைந்து, கடைசியில் சிறுகுடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும். நாய், பூனைக் கழிவிலிருந்து வரும் வகை தோலுக்கு அடியிலேயே ஊர்ந்து, கோடு கோடாகத் தடித்து, தூங்க விடாமல் அரிக்கும். ரணஜன்னி (டெட்டனஸ்) கிருமியின் வித்துகளோ எந்த ஊர் மண்ணிலும் இருக்கக்கூடியவை. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் ஒரு நாளும் வெறுங்காலோடு தோட்டத்தில் இறங்கக் கூடாது. முள் தைத்ததே தெரியாமல் புண் புரையோடிவிடும்.

ரப்பர் செருப்பு குழாயைத் திறந்து மூடவும் பூப்பறிக்கவும் போதும். மண்வெட்டியைக் கையில் எடுத்துவிட்டால் அதைக் கழற்றிவிடுங்கள். மண்வெட்டி நம்மை நோக்கித்தானே வெட்டுகிறது? கல்லில் பட்டு விலகினால் அது வந்து நிற்கிற இடம் கட்டைவிரல். அப்புறம், ஈரத்தில் செருப்பு தரையில் வழுக்குவதற்கு முன்னால் கால் செருப்புக்குள் வழுக்கிவிடும்.

ஃபோம் கிளாக்

கிளாக் என்றால் பின்பக்கம் திறந்த, கால் நுழைத்துப் போடும் காலணி. கிராக்ஸ் நிறுவனத்தின் ஃபோம் கிளாக் 2002இல் வந்த பிறகு, அந்த மாதிரியில் எத்தனையோ பேர் செய்து விற்கிறார்கள். எடையே இல்லை. குனியாமல் கால் நுழைத்துக்கொள்ளலாம். குழாயடியில் காட்டினால் சுத்தமாகிவிடும், தண்ணீரை உறிஞ்சாது. தினமும் காலையில் செடிகளைச் சுற்றிவரும் அந்த அரை மணி நேரத்துக்கு இதைவிடச் சௌகரியமான ஒன்றை நான் பார்க்கவில்லை. ஓட்டை இல்லாத, முன்பக்கம் முழுதாக மூடிய வகையும் கிடைக்கிறது. தோட்டத்துக்கு அதையே எடுங்கள். ஓட்டை வழியே மண்ணும் சிறு கல்லும் நுழைந்தால் நிமிடத்துக்கு ஒரு முறை கழற்றி உதற வேண்டியிருக்கும்.

குறை எங்கே என்றால், மறுபடியும் அடியில்தான். அது முழுக்க ஃபோம். நெருஞ்சி முள் அதன் மேல்தோலோடு நின்றுவிடும், எலுமிச்சை முள்ளும் ரோஜா முள்ளும் நிற்காது. குதிகாலில் பிடிப்பு இல்லாததால் சரிவில் இறங்கும்போது கால் முன்னால் ஓடுகிறது. வெயிலில் போட்டுவைத்தால் சுருங்கிப் போகும். என்னுடைய ஒரு ஜோடி ஒரே கோடையில் விரல் முட்டும் அளவுக்குச் சிறுத்துவிட்டது.

பழைய ஸ்போர்ட்ஸ் ஷூ பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் அதைத்தான் தோட்டத்துக்கு ஒதுக்குகிறார்கள். காலுக்குப் பழகிய ஷூ, செலவில்லை, சரி. ஆனால் வலைத்துணி வழியே தண்ணீர் நேராக உள்ளே வரும், பஞ்சு மாதிரி அடி அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அந்த ஈரப்பஞ்சில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா குடியிருக்கும். ஸ்போர்ட்ஸ் ஷூவைத் துளைத்து ஆணி குத்தினால் இந்தக் கிருமி எலும்பு வரைக்கும் போய்விடுவதுண்டு என்பது மருத்துவர்களுக்கு நெடுநாளாகத் தெரிந்த விஷயம். அப்படிக் குத்திவிட்டால், காயம் சின்னதாகத் தெரிந்தாலும் என்ன ஷூ போட்டிருந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

கம்பூட்ஸ்

சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் முறைக்கு 1844இல் காப்புரிமை பெற்றார். அதை வைத்து ஹைரம் ஹட்சின்சன் 1853இல் பிரான்ஸில் ரப்பர் பூட்ஸ் செய்ய ஆரம்பித்தார். மரக்கட்டைக் காலணியோடு சேற்றில் நின்று வேலை செய்துகொண்டிருந்த விவசாயிகளுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்! வேலை முடிந்து காய்ந்த காலோடு வீடு திரும்புவது சின்ன விஷயமில்லை.

சேறு, தேங்கிய தண்ணீர், உயர்ந்த புல், பூச்சிமருந்து ஆகிய நான்குக்கும் கம்பூட்ஸுக்கு இணை கிடையாது. பாம்புக்கடி அதிகமும் பாதத்திலும் கணுக்காலிலும்தான் படுகிறது. புதர் வெட்டும் நாளில் முழங்கால்வரை பூட்ஸ் போட்டிருப்பது மனதுக்கே ஒரு தைரியம். மருந்து தெளிக்கும்போது லெதர் ஷூ ஆகவே ஆகாது. லெதர் மருந்தை உறிஞ்சிக்கொண்டால் கழுவி எடுக்க முடியாது, அடுத்த முறை போடும்போது மருந்து தோலில் இறங்கும். ரப்பரையும் பிவிசியையும் சோப்புத் தண்ணீரில் கழுவிவிடலாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: தெளிக்கும் நேரத்தில் பேன்ட்டின் கால் பூட்ஸுக்கு வெளியே தொங்க வேண்டும். உள்ளே செருகினால் வழிகிற மருந்தெல்லாம் பூட்ஸுக்குள் சேர்ந்துவிடும்.

இயற்கை ரப்பர், பிவிசி, பாலியூரிதேன் என்று மூன்று விதமாகக் கிடைக்கிறது. ரப்பர் காலோடு வளைந்துகொடுக்கும், தரையைப் பிடிக்கும். ஆனால் வெயிலில் விட்டால் வெடிக்கும், எண்ணெயும் பெட்ரோலும் பட்டால் ஊறிப்போகும். மேலே வெள்ளையாகப் பூத்தால் பயப்பட வேண்டாம், துடைத்தால் போய்விடும். பிவிசி மலிவு, ஆனால் குளிரில் விறைத்துக்கொள்ளும். பாலியூரிதேன் எடை குறைவு, குளிருக்கு இதம். ஆனால் பயன்படுத்தாமல் வருடக்கணக்கில் ஈரக்காற்றில் கிடந்தால் சோல் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். அதனால் தள்ளுபடியில் விற்கும் பழைய சரக்கை நான் வாங்குவதில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும், கம்பூட்ஸை அன்றாடக் காலணி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காரணம் குந்தி உட்காரும் வேலை. களை பிடுங்க, நாற்று நட, பாத்தி கட்ட நாம் குந்தித்தானே உட்காருகிறோம்? அப்போது பூட்ஸின் மேல்விளிம்பு கெண்டைக்காலின் பின்பக்கம் அழுத்தி அறுக்கிறது. அரை மணி நேரத்தில் சிவந்த வளையம் விழுந்துவிடும். வெயில் காலத்தில் வியர்வை உள்ளேயே தங்கி சாக்ஸ் நனைந்து, விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும். தண்ணீரை வெளியே நிறுத்துகிற பூட்ஸ், வியர்வையை உள்ளேயே நிறுத்துகிறது.

இதற்கு நடுவழியாக இருப்பது கணுக்கால் உயர ரப்பர் பூட்ஸ். ஈரம் வராது, குந்தினால் எங்கும் அறுக்காது, கழற்றி மாட்டச் சுலபம். குதிகாலைப் பிடித்துக்கொள்வதால் சரிவிலும் நம்பி இறங்கலாம். சோலும் கிளாக்கைவிடக் கெட்டி. பத்து நாளில் ஏழெட்டு நாள் நான் போடுவது இதைத்தான்.

லெதர் பூட்ஸ், சேஃப்டி ஷூ

ஸ்பேட் எனப்படும் நேரான மண்வாரியைக் காலால் மிதித்து மண்ணில் இறக்கியிருக்கிறீர்களா? முழு உடம்பு எடையும் பாத வளைவில் ஓர் அங்குல அகல இரும்பின் மேல் நிற்கிறது. மெல்லிய சோலோடு இருபது முறை மிதித்தால் மறுநாள் பாதத்தின் நடுவில் வலி எடுக்கும். நல்ல வேலை பூட்ஸில் சோலுக்குள் எஃகுப் பட்டை ஒன்று வைத்திருப்பார்கள். அது எடையைப் பாதம் முழுக்கப் பரப்பிவிடும். வாங்கும்போது முன்னையும் பின்னையும் பிடித்து வளைத்துப் பாருங்கள். விரல் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும், நடுவில் வளையக் கூடாது. நடுவிலேயே மடிந்தால் தோண்டும் வேலைக்கு அது ஆகாது.

ஐஎஸ்ஓ 20345 என்ற சர்வதேசத் தர முத்திரை போட்ட சேஃப்டி ஷூவில் விரலுக்கு மேலே இருக்கும் தொப்பி 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும். அதாவது, 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவது போன்ற அடி. கல் நகர்த்தும்போதும், தொட்டி தூக்கும்போதும், கடப்பாரை நழுவும்போதும் இதன் அருமை தெரியும். ஆனால் அந்த முத்திரையில் விரலை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடாதீர்கள். ஆணி துளைக்காத அடியும் வேண்டும். லெதரில் எஸ்3, ரப்பர் பூட்ஸில் எஸ்5 என்று போட்டிருந்தால் அந்தத் தடுப்பும் பள்ளம் வெட்டிய சோலும் உண்டு. அந்தத் தடுப்பு எஃகுத் தகடாகவோ நெருக்கமாக நெய்த துணியாகவோ இருக்கும். துணி வளைந்துகொடுக்கும், ஆனால் மெல்லிய ஆணி அதில் சுலபமாக நுழையும். முள்மரம் நிறைய இருக்கிற தோட்டமென்றால் எஃகையே கேட்டு வாங்குங்கள், கொஞ்சம் எடை கூடினாலும் பரவாயில்லை.

புல்வெட்டும் இயந்திரம் ஓட்டுபவர்களுக்கு வேறு காலணியே இல்லை என்றுதான் சொல்வேன். கத்தியில் பட்ட கல் எங்கே பறக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. ஈரச்சரிவில் கால் வழுக்கினால் பாதம் போய்ச் சேரும் இடம் அந்தக் கத்தி. செருப்போடு புல்வெட்டும் யாரைப் பார்த்தாலும் நான் நிறுத்திச் சொல்லிவிடுகிறேன். கோபித்துக்கொண்டாலும் சரி.

லெதரின் குறை ஈரம். நனைந்தால் காய ஒரு நாளுக்கு மேல் ஆகும். வெயிலிலோ அடுப்பருகிலோ வைத்துக் காயவைத்தால் வெடித்துவிடும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் வையுங்கள், தாள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

அளவும் சோலின் பள்ளமும்

காலணியைச் சாயங்காலம் போய்ப் போட்டுப் பாருங்கள். பகலெல்லாம் நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், வேலை நேரத்துக் காலும் அப்படித்தான் இருக்கும். வேலைக்குப் போடும் அதே சாக்ஸோடு போய், கடையிலேயே ஒரு முறை குந்தி எழுந்து பாருங்கள். கம்பூட்ஸ் பெரிதாக இருந்தால் குதிகால் உள்ளே ஏறி இறங்கிக் கொப்புளம் வரும். சேற்றில் பூட்ஸ் புதைந்து நிற்க, கால் மட்டும் வெளியே வந்துவிடும்.

சோலில் பள்ளம் ஆழமாக இருந்தால் பிடிப்பு நன்றாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் களிமண் நிலத்தில் அந்தப் பள்ளம் அடைத்துக்கொண்டு, கால் ஒவ்வொன்றும் ஒரு கிலோ கனக்கும். அங்கே அகலமான, இடைவெளி விட்ட பள்ளம் நல்லது, மண் தானாகவே உதிர்ந்துவிடும். அது செடிக்கும் நல்லது. சோலில் ஒட்டும் மண்ணோடுதான் வாடல் நோய்ப் பூஞ்சையும் வேர்முடிச்சு நூற்புழுவும் ஒரு பாத்தியிலிருந்து இன்னொரு பாத்திக்குப் போகின்றன. நோய் கண்ட பாத்தியில் நின்ற நாளில் மண்ணை முழுதாகச் சுரண்டித் தேய்த்துக் கழுவிவிட்டு, அதற்குப் பிறகு பிளீச்சிங் கரைசலில் முக்குங்கள். மண் ஒட்டியிருக்கும்போது முக்கினால் மருந்தின் வேகத்தை மண்ணே குறைத்துவிடும்.

ஒரே ஜோடிதான் வாங்க முடியும் என்கிறவர்களுக்குக் கெட்டி அடி வைத்த கணுக்கால் ரப்பர் பூட்ஸைச் சொல்வேன். இரண்டு வாங்கலாம் என்றால், கூடவே எஃகு அடி போட்ட லெதர் பூட்ஸ் ஒன்று. தண்ணீர் தேங்கும் தோட்டமாகவோ அடிக்கடி மருந்து தெளிப்பவராகவோ இருந்தால், லெதருக்குப் பதில் முழங்கால் உயர எஸ்5. வாசலில் எது கிடக்கிறதோ அதில்தான் கால் போகும் என்பதால், ரப்பர் செருப்பை நான் உள்ளே எடுத்து வைத்துவிட்டேன். வாசலில் இப்போது ரப்பர் பூட்ஸ் இரண்டும் இரண்டு குச்சிகளில் தலைகீழாக மாட்டியிருக்கின்றன, தேளும் தவளையும் உள்ளே போய் உட்காராமல் இருக்க. போடுவதற்கு முன் அப்படியும் ஒரு முறை தட்டிவிட்டுத்தான் போடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு சோலில் விரலால் தடவிப் பார்ப்பேன். சோலில் தங்கிய முள் அப்படியே இருப்பதில்லை, மிதிக்க மிதிக்க மேலே ஏறிக்கொண்டே வரும். போன வாரம் நெருஞ்சி ஏழு, ரோஜா முள் இரண்டு, எலுமிச்சை முள் ஒன்று. எலுமிச்சை முள் பாதித் தூரம் ஏறியிருந்தது. குறட்டால் பிடித்து இழுத்ததும் முழுசாக வந்துவிட்டது.