பாலத்தடியில் கட்டிய கேமரா: எட்டு மாதம் கழித்து எழுதுகிறேன்

ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்து ஆன்லைனில் வாங்கியது. மிருகம் முன்னால் வந்தால் தானே படம் பிடிக்கும் கேமரா. நிறைய பேர் தோட்டத்துக் காவலுக்கு வாங்குகிறார்கள், நான் வாங்கியது ஒரே ஒரு பாலத்துக்காக.

மச்சினனுக்கு ஆசனூர்ப் பக்கம் நாலு ஏக்கர் மக்காச்சோளக் காடு இருக்கிறது (நம் ஊர்ப் பேச்சில் காடு என்றால் மானாவாரி நிலம், வனம் வேலிக்கு அந்தப் பக்கம்). அதன் ஓரமாக ஒரு பள்ளம் (சின்ன ஓடை) ஓடி, சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் வழியாகச் சாமராஜநகர் போகிற தேசிய நெடுஞ்சாலைக்கு அடியில், ஆள் குனிந்து போகிற அளவு சின்னப் பாலத்தில் நுழைகிறது. "ஏனுங் மாமா, பாலத்து மண்ணுல சிறுத்தைக் காலடி கிடக்குதுங்" என்று அவன் போனில் சொன்ன வாரமே ஆர்டர் போட்டுவிட்டேன். வனத்துக்குள் அனுமதியில்லாமல் கேமரா வைக்கக் கூடாது, அதனால் பட்டா நிலத்திலேயே பள்ளத்துக் கரைப் புங்கமரத்தில் முழங்கால் உயரத்துக்குக் கட்டினோம்.

முதல் மாதம் வெறுத்துப் போனது. ஆயிரத்து நானூறு படத்தில் முக்கால்வாசி வெயிலில் ஆடும் புல், மீதியில் வால். காரணம் அப்புறம்தான் புரிந்தது: இதிலிருக்கும் சென்சார் சூட்டு வித்தியாசம் நகர்வதைத்தான் உணர்கிறது, வெயிலில் சூடான புல் ஆடினாலும் படம் எடுத்துவிடும், உச்சி வெயிலில் மண்ணும் மிருகமும் ஒரே சூட்டில் இருந்தால் ஏமாந்துவிடும், நேராகக் கேமராவைப் பார்த்து நடந்து வருவதையும் தாமதமாகத்தான் பிடிக்கும், குறுக்கே போனால் உடனே பிடிக்கும். பாதைக்குச் சாய்வாகத் திருப்பிக் கட்டி, முன்னாலிருந்த புல்லை அறுத்தோம். அதோடு சரியானது. இந்த விஷயம் கூட வந்த கையேட்டில் ஒரு வரி கூட இல்லை.

இனி எதற்காக இதை எழுத உட்கார்ந்தேனோ அது. ஐப்பசி மழையில் பாலத்து வாய் அடைத்துக்கொண்டது, உண்ணிச்செடித் தூரும் சுற்றுலா வண்டிகளில் இருந்து வீசிய பாட்டிலும் சிப்ஸ் கவரும் சேர்ந்து. ஒரு நாள் பொழுது சாய்ந்து எட்டே கால் மணிக்கு வந்த வீடியோவை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். சிறுத்தை பள்ளத்தில் வந்து வாய்க்கு முன்னால் நிற்கிறது, ஒரு காலை அந்தக் குப்பை மேல் வைத்து அழுத்திப் பார்க்கிறது, கால் புதைந்ததும் எடுத்து உதறுகிறது. பிறகு உட்கார்ந்துவிட்டது. மேலே வண்டி வெளிச்சம் போகும்போதெல்லாம் காது மட்டும் திரும்புகிறது. நாலு நிமிடம் கழித்துக் கரை ஏறி, தார் ரோட்டுப் பக்கம் மறைந்தது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அடிவயிறு கலங்கியது, மறுநாள் காலையில் மச்சினனை ரோட்டுக்கு அனுப்பி ஒன்றும் கிடக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் சோறு இறங்கியது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே எங்கள் பக்கத்து வாயை அரிவாளும் மண்வெட்டியும் வைத்துச் சுத்தம் செய்தோம், ஏழு சாக்குக் குப்பை. பதினோராம் நாள் ராத்திரி சிறுத்தை பாலத்தடியிலேயே நுழைந்து போயிருக்கிறது. அப்புறம் புனுகுப்பூனை, நரி, ஒரு தடவை கரடி. செந்நாய் மட்டும் இரண்டு முறையும் விடியற்காலையில் ஐந்தாறாக ரோட்டு மேலேயே கடந்தது, பாலத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் இதே போல வித்தியாசம் இருக்கிறது: அங்கே மிருகங்கள் ரோட்டைக் கடக்கவென்றே கட்டியவற்றில், ஓநாயும் கிரிஸ்லி கரடியும் அகலமான மேம்பாலத்தை விரும்பும், கூகர் (அந்த ஊர்ப் பெரிய பூனை இனம்) குறுகலான சுரங்கப்பாதையை விரும்பும். நம் நாட்டிலேயே பெஞ்ச் புலிகள் காப்பகத்து 44ஆம் எண் நெடுஞ்சாலையில், மிருகங்கள் அடியில் கடக்கவென்றே ரோட்டைத் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள், புலிகள் அதில் நடந்து போன படங்களும் இருக்கின்றன. பண்ணாரி-திம்பம் வழியில் 2022 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் கொண்டுவந்த இரவு வாகனக் கட்டுப்பாடு ரொம்ப நல்லது. ஆனால் ரோட்டில் வண்டிகள் இன்னும் ஓடுகிற எட்டே காலுக்கு வருகிற சிறுத்தைக்கு அடிப்பாலமும் திறந்திருக்க வேண்டும்.

சரி, கேமராவின் குறைகள். மார்கழிப் பனியில் கண்ணாடி உள்ளே வியர்த்து மூன்று வாரப் படம் பால் போல வந்தது, விற்றவர்களுக்கு நாலு மெயில் போட்டும் பதில் இல்லை (பெயர் வேண்டாம்). ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் இரண்டு போட்டுத் தப்பித்தேன். எட்டு பேட்டரி பிடிக்கும், சார்ஜ் ஏற்றும் ரகம் போட்டால் ராத்திரிப் படம் மங்குகிறது, சாதா ரகமே மேல். யானை நடமாட்டம் இருந்தால் இரும்புக் கூடு கண்டிப்பாக வாங்குங்கள், எங்களுடையதை ஒரு தடவை தும்பிக்கையால் திருகி வானத்தைப் பார்க்க வைத்துவிட்டது. மங்கலான சிவப்பு விளக்கு எரியாத மாடலாகப் பார்த்து வாங்குங்கள், சிறுத்தை அந்தச் சிவப்பை நின்று பார்க்கிறது.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம்.

இப்போது இரண்டாவது ஒன்று ஆர்டர் போட்டிருக்கிறேன். சிறுத்தைக்கு இடப்பக்கப் புள்ளி வேறு, வலப்பக்கப் புள்ளி வேறு. எங்கள் கேமராவில் ஒரு தடவைக்கு ஒரு பக்கம்தான் விழுகிறது, எதிர்க்கரையிலும் ஒன்று கட்டி இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்தால்தான் வந்து போவது ஒரே சிறுத்தையா இரண்டா என்று சொல்ல முடியும். மச்சினன் இரண்டு என்கிறான்.