பைக் வயரிங் கோளாறு பார்க்க டெஸ்ட் லேம்ப்பா, மல்டிமீட்டரா?

போன மழைக்காலத்தில் என் பைக்கில் இண்டிகேட்டர் போட்டால் மீட்டர் லைட்டும் சேர்ந்து மினுக்கியது. ஹெட்லைட்டுக்குப் பின்னால் இருக்கும் கப்ளரை (வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் சாக்கெட்) கழற்றி மல்டிமீட்டரை வைத்தேன். 12.4 வோல்ட். கரண்ட் ஒழுங்காகத்தானே வருகிறது என்று பைக்கின் மீட்டரையே மாற்றப் பார்த்தேன். கடைசியில் அதே கப்ளரில் 5 வாட் பல்பு போட்ட டெஸ்ட் லேம்ப்பை (இரண்டு வயர் இழுத்த சாதாரண பல்புதான்) வைத்தால், பல்பு செம்மஞ்சளாக அழுது வடிந்தது. எர்த் பக்க கிளிப்பை மட்டும் எடுத்து பேட்டரி நெகட்டிவில் மாட்டினேன், பளிச்சென்று எரிந்தது. எர்த் பின்னை உருவிப் பார்த்தால் முழுக்கப் பச்சைக் களிம்பு.

மல்டிமீட்டர் கரண்ட்டை இழுப்பதே இல்லை என்று சொல்லலாம். ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் முழு வோல்ட்டைக் காட்டிவிடும். 5 வாட் பல்பு 0.4 ஆம்பியர் இழுக்கும், நோஞ்சான் இணைப்பு அதைத் தாங்காது. மல்டிமீட்டரிலும் இதைப் பிடிக்கலாம். கப்ளரைக் கழற்றாமல், இண்டிகேட்டரை எரியவிட்டு, எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே அளக்க வேண்டும். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் கெட்டிருக்கிறது. நான் அளந்த விதம்தான் தப்பு.

சார்ஜிங் கோளாறுக்கு லேம்ப் உதவாது. 12 வோல்ட்டுக்கும் 14 வோல்ட்டுக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். இன்ஜினை முறுக்கினால் 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். 15-ஐத் தாண்டினால் சார்ஜிங் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெக்டிபையரைச் சந்தேகப்படுங்கள். பெட்ரோல் முள் தாறுமாறாக ஆடினாலும் மல்டிமீட்டர்தான். டேங்க் மிதவையை மெல்லத் தூக்கிக்கொண்டே ஓம்ஸை (மின்தடையை) மல்டிமீட்டரில் பாருங்கள், நடுவில் எங்காவது எகிறினால் அந்த இடம் தேய்ந்துவிட்டது.

2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்த பிறகு வாங்கிய பைக் என்றால் பெரும்பாலும் கார்புரேட்டருக்குப் பதிலாக, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன்தான். அதன் சென்சார் வயர்களில் ஓடுவது 5 வோல்ட். அங்கே லேம்ப்பை வைத்தால் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியூவே போய்விடலாம், தயவுசெய்து வைக்காதீர்கள்.

கார்புரேட்டர் வண்டிக்கு ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் லேம்ப்பைத்தான் எடுப்பேன். இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு மல்டிமீட்டர். லேம்ப் வாங்கும்போது எல்இடி வைத்ததைத் தந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அதுவும் கரண்ட் இழுக்காமல் களிம்பேறிய பின்னிலும் ஜோராக எரியும்.