வீட்டுக்கே வந்து எடுக்கும் யூரின் கல்ச்சர்: எங்கே சறுக்குகிறது?

நீர்க்கடுப்பு அடிக்கடி திரும்பினாலோ, காய்ச்சலோடு வந்தாலோ, கர்ப்பிணிக்கு வந்தாலோ மெடிக்கலில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கக் கூடாது; கல்ச்சர் அண்ட் சென்சிட்டிவிட்டி பார்க்க வேண்டும். எந்தக் கிருமி, எதற்கு அடங்கும் என்று தெரிந்தால் தேவையில்லாத மருந்தைத் தவிர்க்கலாம். இந்த டெஸ்டுக்குத் தனியார் லேப்கள் தரும் ஹோம் கலெக்‌ஷனில், லேபுக்குள் நடக்கும் வேலையைவிட வழியில் நடப்பதுதான் கவலை.

எடுத்த சிறுநீர் 2 மணி நேரத்துக்குள் பரிசோதனைக்குப் போக வேண்டும். முடியாவிட்டால் 2 முதல் 8 டிகிரி குளிரில், அதிகபட்சம் 24 மணி நேரம். காலை 7 மணிக்கு வாங்கிய டப்பா, ஐஸ் பேக் இல்லாத பையில் நாலு தெரு சுற்றி 11 மணிக்குப் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும்? உகந்த சூட்டில், நீர்க்கடுப்புக்குப் பெரும்பாலும் காரணமான ஈ.கோலை கிருமி 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். லேபில் கிருமி வளர்க்கும் தட்டில் இழுப்பது 0.001 மில்லி, அதில் 100 காலனி (கிருமிக் கூட்டம்) வளர்ந்தாலே மில்லிக்கு 1 லட்சம் என்று கணக்கு; பொதுவாக அதைத்தான் தொற்று என்று எடுத்துக்கொள்வார்கள். தோலிலிருந்து விழுந்த கொஞ்சம் கிருமி வெயிலில் பெருகி அந்த எண்ணைத் தொட்டுவிட்டால், இல்லாத தொற்றுக்கு மருந்து எழுதப்படும்.

சில லேப்கள், கிருமி பெருகாமல் தடுக்கும் போரிக் ஆசிட் போட்ட டப்பா தருகின்றன. குளிர்பெட்டி இல்லாத ஊருக்கு இது நல்ல ஏற்பாடு. அடியில் கிடக்கும் வெள்ளைத் தூளை அழுக்கென்று கழுவிக் கொட்டிவிடாதீர்கள். கோடு வரை நிரப்புங்கள். குறைந்தால் ஆசிட் கடுமையாகிக் கிருமியையே கொன்று, தொற்று இருந்தும் ‘நோ குரோத்’ என்று வரும்.

முதல் சிறுநீரை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிப்பது, மூடியின் உட்புறத்தைத் தொடாமல் இருப்பது, முதல் மாத்திரைக்கு முன்பே எடுப்பது: இதையெல்லாம் வருகிற பையன் சொல்ல வேண்டும். பெரும்பாலும் டப்பாவை நீட்டுவதோடு சரி. மூன்று வகைக் கிருமி கலந்து வளர்ந்தால் அது பெரும்பாலும் கலப்படம்தான். அப்போது மறு சாம்பிள் இலவசமா என்று புக் பண்ணும்போதே கேளுங்கள்.

‘24 மணி நேரத்தில் முழு ரிப்போர்ட்’ விளம்பரத்தை நம்ப வேண்டாம். கிருமி வளரவே 18 முதல் 24 மணி நேரம், அதன்பின்தான் சென்சிட்டிவிட்டி.

ரிப்போர்ட்டில் இருபது மருந்து அடுக்கியிருந்தால் காசுக்குத் தகுந்த சரக்கு என்று தோன்றும். எங்கள் கணக்கில் அது மைனஸ். சாதாரண மருந்தே கேட்கும்போது மெரோபெனம் போன்ற, கடைசி கட்டத்துக்கென்று வைத்திருக்கும் மருந்தை வெளியே காட்டாத லேப்தான் பொறுப்பான லேப். எம்.ஐ.சி. (கிருமி வளர்ச்சியைத் தடுக்கத் தேவையான குறைந்தபட்ச மருந்தளவு) எண்களையும் மருந்துக்கு மருந்து ஒப்பிடாதீர்கள்: சிப்ரோஃப்ளாக்சசின் 0.25, நைட்ரோஃபுரான்டாயின் 16 என்றிருந்தால் முதலாவது வீரியம் என்று பொருளில்லை. ஒவ்வொன்றுக்கும் அளவுகோல் தனி. நைட்ரோஃபுரான்டாயினுக்கு ‘எஸ்’ (சென்சிட்டிவ், அதாவது கிருமி அடங்கும்) போட்டிருந்தாலும் அது சிறுநீர்ப்பைத் தொற்றுக்குத்தான். காய்ச்சலும் விலா வலியுமாகக் கிட்னிக்கு ஏறியிருந்தால் போதாது.

கத்தீட்டர் (சிறுநீர்க் குழாய்) போட்டவர்களுக்கு இந்தச் சேவையை நர்ஸ் வந்தால் மட்டும் எடுங்கள். குழாயின் சாம்பிள் முனையிலிருந்து சிரிஞ்சில் எடுக்க வேண்டும். பையில் தேங்கியதை ஊற்றிக் கொடுத்தால் நல்ல லேப் திருப்பி அனுப்பிவிடும்.